அந்தக் கொசைன் சரிதான், பூங்கொடி

என் பொல்லாத பூங்கொடிக்கு,

உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அட்டையில் உன் எந்தப் படத்தைப் போடுவது என்று துறையில் ஒரு வாரம் சண்டை. கடைசியில் நீ பச்சைச் சேலையில் சிரிக்கிற படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் உன்னைப் புகழ்ந்து ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் மட்டும்தான் பாக்கி. இருபத்தைந்து வருடப் பழக்கம், நீங்கள்தானே மேடம் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று ஹெச்.ஓ.டி. மூன்று முறை கேட்டுவிட்டார்.

என்ன எழுதட்டும்? நீ கெட்டிக்காரி, நல்லவள், மாணவர்களுக்குத் தாய் மாதிரி என்று எழுதலாம். எல்லாம் உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் எனக்குத் தொந்தரவு. உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை, பூங்கொடி. நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது, இன்னும் குறையவில்லை. போய்ச் சேர்ந்தவள்மேல் என்ன பொறாமை என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவர் உன்னோடு ஒரே அறையில் நாலு வருடம் இருந்து பார்த்ததில்லை.

நான் மேட்டூர்க்காரி. அப்பா அனல் மின் நிலையத்தில் வேலை. குவார்ட்டர்ஸ், ஆங்கிலப் பள்ளிக்கூடம், வீடு நிறையப் புத்தகம். நீ பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால் வீட்டிலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவள். ஹாஸ்டலுக்கு வந்த முதல் நாள் வார்டனுக்கு ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவந்து நீட்டினாய். நான் ஜன்னலோரம் நின்று சிரித்தேன். அந்த வார்டன் நாலு வருடமும் உன்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என்னை ‘அந்த மேட்டூர்ப் பொண்ணு’ என்றார்.

ஆங்கிலத்தில் சொற்களை எப்படி உச்சரிப்பது என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். நான் உச்சரித்து முடிப்பதற்குள் நீ அந்தச் சொல்லுக்குள் இருக்கிற இயற்பியலைப் புரிந்துகொண்டிருப்பாய். இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? நீயே சொல்.

நம் நெறியாளர் சார் இருவருக்கும் ஆய்வுக்கு ஒரே விஷயத்தைத்தான் கொடுத்தார். மலரைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அதுவரை நீ கொட்டாவி விட்டுக்கொண்டிரு. இரண்டு குறைக்கடத்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக வளர்த்தால், அவை சேரும் இடத்தில் எலெக்ட்ரான்கள் மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் ஒரே தளத்தில் ஓடும். அதைக் கடுங்குளிரில் வைத்துப் பலமான காந்தப்புலத்தைச் செங்குத்தாகக் கொடுத்தால், ஒவ்வொன்றும் சின்ன வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே குறுக்குவாட்டு மின்தடையை, அதாவது ஹால் மின்தடையை, அளந்தால் அது சீராக ஏறாது, மாடிப்படி மாதிரி நின்று நின்று ஏறும். எந்த ஊரில் எந்தத் துண்டை அளந்தாலும் படியின் உயரம் ஒன்றுதான்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால் அந்தத் துண்டு சுத்தமே கிடையாது. உள்ளே மாசுகள் இருக்கும், அதாவது வழிதவறி வந்து உட்கார்ந்துவிட்ட வேற்று அணுக்கள். எலெக்ட்ரான்கள் அவற்றில் பட்டுச் சிதறும். அப்படியானால் அளவு கெட வேண்டும்தானே? கெடுவதில்லை. மாசே இல்லாவிட்டால்தான் படி தட்டையாக நிற்காது. ஒரு மாசு ஓர் எலெக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்டது மின்னோட்டத்துக்கு உதவாது. ஆனால் அந்த மாசைக் கடந்து போகிற மற்றவை அங்கே கொஞ்சம் வேகம் கூட்டிப் போகும். பிடிபட்டதால் எவ்வளவு குறைந்ததோ சரியாக அவ்வளவு கூடும்.

இது புரியாமல் நாம் இரண்டு பேரும் ஒரு வாரம் முழித்தோம். ஒருநாள் ஹாஸ்டல் மெஸ் வரிசையில் ஒருத்தி பரிமாறுகிற அக்காவோடு கதை பேசி நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள் அவளைத் தாண்டி விறுவிறுவென்று போய்த் தட்டை நிரப்பினார்கள். பாரு, ஒருத்தி நின்னாலும் வெளியே போகிற தட்டு குறையவில்லை, இதுதான் நம் எலெக்ட்ரான் என்று நான்தான் சொன்னேன். நானேதான் சொன்னேன், பூங்கொடி. அடுத்த மாதமே நீ அதைக் கருத்தரங்கில் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினாய். இருபது வருடம் வகுப்பில் சொன்னாய்.

உன் இரங்கல் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் எழுந்து, ‘அம்மையார் சொல்கிற அந்த மெஸ் வரிசைபோல, ஒருவர் நின்றுவிட்டார், மற்ற நாம் வேகமாகப் போக வேண்டும்’ என்றார். எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்காக. பிறகு உன் மாணவர்களிடம் விசாரித்தேன். நீ ஒவ்வொரு தடவையும் ‘இது என் தோழி சொன்னது’ என்றுதான் ஆரம்பிப்பாயாம். அந்தத் தோழியின் பெயர் மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை.

நோயிலும் நீ என்னை முந்திக்கொண்டாய். எனக்குச் சர்க்கரை, முட்டி வலி. யாரும் ஏனென்று கேட்பதில்லை. உனக்குச் சிறுநீரகம் போனது. வாரத்துக்கு இரண்டு நாள் சேலத்தில் டயாலிசிஸ். நீ இடது கையை ஊசிக்குக் கொடுத்துவிட்டு, வலது கையால் அந்த நாலு மணி நேரமும் கணக்குப் போட்டாய். வார்டு முழுக்க அதே பேச்சு. ஒரு நர்ஸ் என்னிடம், ‘அந்த அம்மா படுத்துக்கிட்டே என்னமோ எழுதறாங்க, பார்க்கவே கையெடுத்துக் கும்பிடோணும்போல இருக்குதுங்க’ என்றாள். நான் ஆரஞ்சுப் பழப் பையோடு பக்கத்தில் நின்றேன். நோட்டில் என்ன எழுதுகிறாய் என்று நானும் கேட்கவில்லை, நீயும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை? நான் கேட்டிருந்தால் காட்டியிருப்பாயா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் செல்வராசு அண்ணன் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் தயங்கி, கௌசல்யாவிடம் கொடுங்கள் அண்ணா என்றேன். கௌசல்யா உன்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தவள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிறவர் மகள். அண்ணன் தலையாட்டினார்.

“இல்லீங்க. உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிப்போட்டாளுங்க. தப்பு எங்கயாச்சும் இருந்தா வசந்தி கண்ணுக்குத்தான் மாட்டும்னா.”

எனக்கு அது எப்படி இருந்தது தெரியுமா? ஒரே சமயத்தில் அழுகையும் வந்தது, நாக்கில் எச்சிலும் ஊறியது. தப்பு இருந்தால் என்று நீ சொன்னதில் ‘இருந்தால்’ என்கிற பாதியை நான் அங்கேயே உதறிவிட்டேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தபோது உன் தப்பைத் தேடித்தான் பிரித்தேன்.

பதினோரு பக்கம். ஒரு மாசு, இரண்டு மாசு என்று எல்லோரும் போட்ட கணக்கைத் தாண்டி, மூன்று மாசுகள் முக்கோணமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிடிபட்ட எலெக்ட்ரான்களின் ஆற்றல் என்ன ஆகும் என்று போட்டிருந்தாய். பேப்பரும் பென்சிலும் மட்டும் வைத்துக்கொண்டு. ஒன்பதாம் பக்கத்தில், கடைசிச் சமன்பாட்டில், ஒரு கொசைன் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நீ எழுதவில்லை. ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைந்து உள்ளே கோடு கோடாக நிரப்பியிருந்தாய், அவ்வளவுதான். வலியில் கை தன்பாட்டுக்குக் கிறுக்கியது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கம்ப்யூட்டர் ப்ரோகிராமில் சரிபார்த்தேன். பன்னிரண்டு வருடமாக நான் கட்டிக் காக்கிற ப்ரோகிராம். அது ஒவ்வொரு மாசையும் நடுப்புள்ளியில் வைத்துக் கணக்கிட்டு, அப்புறம் விடையை அதனதன் இடத்துக்கு நகர்த்தி வைக்கும். ஒரு மாசுக்கு ஓட்டினேன், உன் விடையேதான். இரண்டுக்கு ஓட்டினேன், கடைசி இலக்கம்வரை ஒன்று. மூன்றுக்கு ஓட்டினேன், வேறு. உன் கொசைனை எடுத்துவிட்டுப் பார்த்தால் இரண்டும் பொருந்தின. இரண்டுக்குச் சரியாக வந்த என் ப்ரோகிராம் மூன்றுக்குத் தப்பாகுமா? உன் தப்பு கிடைத்துவிட்டது என்று எனக்குள் ஒரு குதியாட்டம். அன்று மதியம் கேன்டீனில் இரண்டு வடை வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும்.

நீ போனபின் கௌசல்யாவுக்கு என்னைத்தான் நெறியாளராகப் போட்டார்கள். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமே உன்னுடைய மூன்று மாசுக் கணக்குதான். நீ இருக்கும்போதே அவளிடம் கொடுத்துவிட்டாய், அவளும் அதன்மேல் ஒன்றரை வருடம் உழைத்திருக்கிறாள். ஐந்து மாதம் முன்னால் அவளுடைய டாக்டோரல் கமிட்டி கூடியது. வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள், நம் ஆட்கள் மூன்று பேர். கௌசல்யா அந்த அத்தியாயத்தை ஆரம்பித்ததும் நான் கையைத் தூக்கினேன். இந்தக் கொசைன் வரக்கூடாது, நான் சரிபார்த்துவிட்டேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர், பூங்கொடி மேடம் இப்படித் தவறு செய்பவர் அல்லவே என்று இழுத்தார். எனக்குச் சுருக்கென்றது.

“நோயில எழுதினதுங்க சார். பிழை வரத்தான் செய்யும்” என்றேன்.

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். உன்மேல் பரிதாபப்பட்டார்கள். உன்மேல் யாரும் பரிதாபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்லிக் குறிப்பு எழுதினார்கள். கௌசல்யா சரிங்க மேடம் என்று மடிக்கணினியை மூடினாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கத்தான் குறிப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

போன வாரம் எனக்கு எக்ஸாம் ஹால் டியூட்டி. சிவில் பிள்ளைகள் அறுபது பேர். உனக்குத் தெரியுமே அந்த மூன்று மணி நேரம். போன் கிடையாது, புத்தகம் கிடையாது, நடக்கவும் முட்டி ஒத்துழைக்காது. கையில் இருந்தது சீட்டிங் சார்ட் ஒன்றுதான். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. உன் கொசைன் எப்படித் தப்பு என்று இன்னொரு முறை கையால் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று ஆரம்பித்தேன். வேறு எதற்கு?

ஒரே தாள். மூன்று மாசுக்கும் தனித்தனியாக மூன்று நடுப்புள்ளி வைத்து எழுத இடமில்லை. சரி, ஒரே புள்ளியிலிருந்தே மூன்றையும் எழுதுவோம் என்று போட்டேன். நாலாவது வரியில் கை நின்றுவிட்டது. காந்தப்புலத்துக்குள் ஒரு வட்டத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினால் அது அப்படியே போகாது. வழியில் ஒரு கட்டத்தை, ஃபேஸ் என்கிறோமே அதை, சேர்த்துக்கொண்டு போகும். அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதில் ஒரு சின்ன மாற்றம். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம்.

ஒரு மாசு என்றால் அது விடையில் தெரியவே தெரியாது. இரண்டு மாசு என்றால் போகும்போது சேர்ந்தது வரும்போது கழிந்துவிடும். மூன்று இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, மறுபடி ஒன்று என்று சுற்றி வரும்போது கழியாது. முக்கோணத்துக்குள் எவ்வளவு காந்தப்புலம் அடைபட்டதோ அவ்வளவு மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தின் கொசைன்தான் உன் ஒன்பதாம் பக்கத்துக் கொசைன். நீ கோடு போட்டு நிரப்பியது முக்கோணத்தின் பரப்பு. நான் பன்னிரண்டு வருடமாக மாசுகளை நகர்த்தி நகர்த்தி வைத்து, ஒரு தடவைகூட அந்தக் கட்டத்தைக் கூட்டவில்லை. இரண்டோடு நிறுத்திக்கொண்டதால் யாரும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை.

கடைசி பெல் அடித்ததும் தெரியவில்லை. ஒரு பையன் மேடம் பேப்பர் என்று மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் எழுந்தேன். அந்த சீட்டிங் சார்ட்டைக் கண்ட்ரோல் அறையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இந்த விஷயம் எனக்கு மட்டும்தானே தெரியும் என்று நினைத்தேன். நீ இல்லை. கமிட்டியில் யாரும் இதை மறுபடி போட்டுப் பார்க்கப் போவதில்லை. கௌசல்யா மீதி அத்தியாயங்களை வைத்தே பட்டம் வாங்கிவிடுவாள். திருச்செங்கோட்டில் நம் கல்லூரியிலிருந்து வீடு வரும்வரை பேருந்தில் இதையேதான் புரட்டினேன். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? உன் பெயரில் ஒரு தப்பு நிற்கும். நிற்கட்டுமே, உனக்குத்தான் அத்தனை நல்ல பெயர் இருக்கிறதே. இப்படியும் நினைத்தேன், மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் கௌசல்யாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சீட்டிங் சார்ட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன். கட்டத்தைக் கூட்டாமல் விட்டது நான், மேடம் போட்டதுதான் சரி என்றேன். அவள் திடுக்கிடுவாள், அழுவாள், என்னைக் கோபமாகப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தாளைப் பார்க்கவே இல்லை. மெதுவாகப் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். எடுத்துவிடச் சொன்ன அதே அத்தியாயம். கொசைனும் இருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று நாலு பக்கத்துக்கு விளக்கமும் இருந்தது. கமிட்டி முடிந்த மூன்றாவது வாரமே அவள் போட்டு முடித்துவிட்டாள்.

நாலு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாலு மாதமாக வாரம் இரண்டு தடவை என் எதிரில் உட்கார்ந்து, சரிங்க மேடம், சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்றரை வருட உழைப்பைத் தூக்கிப் போடவும் தயாராக இருந்திருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பயமுங்க மேடம்.”

“பூங்கொடி மேடத்துகிட்டப் பயமில்லியா?”

அவள் சிரித்துவிட்டாள், பூங்கொடி. என் அறையில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“அவிங்ககிட்ட என்னுங்க பயம்? தப்புங்க மேடம்னு சொன்னாச் சாக்பீஸைக் கையில குடுத்துருவாங்க. வா சாமி, நீ போட்டுக் காட்டு, நான் உக்காந்துக்கறேன்னு பெஞ்சுல உக்காந்துக்குவாங்க.”

இத்தனை வருடமும் நான் என்னவோ உன் மூளைமேல்தான் பொறாமை என்று நினைத்திருந்தேன். சார் உன் கணக்கைப் பார்த்து அடடே என்பார், என் கணக்கைப் பார்த்துச் சரி என்பார், அதுதான் காந்துகிறது என்று நினைத்திருந்தேன். அன்று அந்தப் பெண் சிரித்தபோது வயிற்றில் ஒன்று எரிந்தது பார், அப்படி என்றைக்குமே எரிந்ததில்லை. என்னை யாரும் தப்பென்று சொல்வதில்லை, பூங்கொடி. நான் தப்பே செய்வதில்லை என்று இருபது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லப் பயந்திருக்கிறார்கள். வீட்டிலும் அப்படித்தானா? கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

செல்வராசு அண்ணனுக்குப் போன் செய்தேன். நோட்டில் தப்பே இல்லீங்க அண்ணா என்றேன். ‘அவ இருந்திருந்தா உங்களை இன்னொருக்காப் பாத்துச் சொல்லச் சொல்லியிருப்பாளுங்க’ என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. சரி என்று இன்னொரு தடவை முதலிலிருந்து போட்டேன். இல்லை, தப்பு இல்லை. ஏழாம் பக்கத்தில் ஒரு கமா விட்டிருக்கிறாய், அதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த அத்தியாயம் கட்டுரையாகப் போகப்போகிறது. உன் பெயரும் கௌசல்யா பெயரும். உங்க பேரையும் போடட்டுங்களா மேடம் என்று அவள் கேட்டாள். போடு என்று வாய்வரை வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் திருந்திவிட்டேன் என்று நீ அங்கே சிரித்துக்கொள்ளாதே. கட்டுரை வந்ததும் உன் பெயரைப் பார்த்து எனக்கு மறுபடி எரியும், நன்றாகத் தெரியும்.

இந்தக் கடிதத்தைக் கௌசல்யாதான் டைப் செய்து கொடுக்கிறாள். முதலில் அவள் படிக்கட்டும், பிறகு ஊர் படிக்கட்டும். அச்சுக்குப் போய்விட்டால் நான் பின்வாங்க முடியாது, அதற்காகத்தான் தனியாக உனக்கு எழுதாமல் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன். வருகிற புதன்கிழமை கமிட்டி மறுபடி கூடுகிறது. அதே ஐந்து பேர், அதே அறை. அந்த வெளியூர்ப் பேராசிரியரும் வருகிறார். அவள் அந்த அத்தியாயத்துக்கு வந்ததும் நான் எழுந்து நின்று, நோயில் படுத்துக்கொண்டு எழுதியவள் கணக்கில் பிழையில்லை, திடமாக உட்கார்ந்து சரிபார்த்த என் கணக்கில்தான் பிழை என்று சொல்வேன். அவர்கள் என்மேல் பரிதாபப்பட்டாலும் வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். இது உனக்கு என் சத்தியம்.

ஒரே கணக்குக்கு வாழ்க்கைப்பட்ட உன் சக்களத்தி,
வசந்தி